மரம் பின்னால் உட்கார்ந்துவிட்டதா? செயின் ரம்பமும் ஆப்பும் தகராறு செய்யும் இடங்கள்

எங்கள் தெருவுக்குச் செயின் ரம்பம் வந்தது கஜா புயலோடுதான். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய காற்று, விடிவதற்குள் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் படுக்க வைத்துவிட்டது. அதுவரை கோடரியோடு காலம் தள்ளியவர்களும் மிஷின் வாங்கினோம். படுத்த மரத்தைத் துண்டு போடப் பழகிய கை, ஒரு வருடத்தில் நிற்கிற மரத்துக்கும் போனது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆப்பைக் கடைசியில் மரத்தைத் தள்ளுவதற்கான சாமான் என்று நினைத்ததுதான் எங்கள் எல்லாருடைய தப்பும். மரம் பின்னால் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதன் முதல் வேலை, தள்ளுவது அப்புறம். கீழே உள்ள கோளாறுகளில் பாதி, ஆப்பைத் தாமதமாக வைத்ததால் வருபவை. மீதிப் பாதிக்கு ஆப்பு காரணமே இல்லை. வெட்டு தப்பாக இருக்கும், பழி ஆப்பின் மேல் விழும்.

மூன்று சொற்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மரம் விழ வேண்டிய பக்கம் எடுக்கும் முக்கோணக் குழி, வாய். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வெட்டு, பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவே அறுக்காமல் விடும் கட்டை, கீல். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படித்தான் மரத்துக்கும். அதை முழுக்க அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல ஆளில்லை.

கணக்குக்கு ஒரு தைலமரத்தை வைத்துக்கொள்வோம். விட்டம் 16 அங்குலம், அதாவது சுற்றளவு நாலு அடிக்குக் கொஞ்சம் மேலே. உயரம் 60 அடி. வாய் விட்டத்தில் கால் பங்கு, நாலு அங்குலம். கீலின் கனம் பத்தில் ஒரு பங்கு, சுமார் ஒன்றரை அங்குலம். மீதி பத்தரை அங்குலம் பின்வெட்டு. இந்த எண்கள் திரும்பத் திரும்ப வரும்.

பார் அறுப்புக்குள் மாட்டிக்கொண்டது

பின்வெட்டு பாதிக்கு மேல் போயிருக்கும். மோட்டார் முக்கும், செயின் நிற்கும், பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளச் சட்டத்தை, இழுத்தால் வராது. மரம் பின்னால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். செயின் அறுத்த இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் அந்த இடைவெளி மூடும்போது 60 அடி மரத்தின் உச்சி பின்பக்கம் ஒன்றே முக்கால் அடி போய்விடும்.

முதலில் மிஷினை அணையுங்கள். ஓடவிட்டு ஆட்டி இழுத்தால் கிளட்ச்தான் போகும். பிறகு நிமிர்ந்து உச்சியையும் காற்றையும் பாருங்கள். பின்வெட்டில் ஆப்பின் நுனி நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தால், பாருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்து, மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே ஆப்பை அடித்துக்கொண்டிருந்தால் மரம் கோணலாகத் தூக்கும். பார் லேசாக அசைந்தால் போதும், உருவிவிடலாம்.

நுனிகூட நுழையவில்லையா? பாரை மூடியிருக்கும் தகட்டின் இரண்டு நட்டையும் கழற்றினால் மோட்டார் தனியாக வந்துவிடும். பாரும் செயினும் மரத்திலேயே இருக்கட்டும், விலை போவது அவ்வளவுதான். அதற்குப் பிறகு கயிறுதான் வழி. விழ வேண்டிய பக்கமாக, மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி டிராக்டர் நிற்க வேண்டும். கயிறு கட்ட ஏணி வைத்து ஏறாதீர்கள், அது பாதி அறுபட்ட மரம். சிறு மணல் பை கட்டிய நூல்கயிற்றை எட்ட நின்று கவையில் எறிந்து, அதைக் கொண்டு வடத்தை இழுத்தேற்றலாம். அன்றைக்கு முடியவில்லை என்றால் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆடு மாடு, பிள்ளைகள் யாரும் போகாமல் ஒருவரைக் காவல் வைத்துவிட்டு, பழகிய ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்குத் தெரியாததில்லை. ஆனாலும் பார் வெளியே வந்த சந்தோஷத்தில், ஆப்பை உருவி இன்னும் நல்ல இடத்தில் வைக்கலாமே என்று தோன்றும். இரண்டாவது ஆப்பு இறுக்கமாக நின்ற பிறகுதான் முதலாவதைத் தொட வேண்டும்.

இது வராமல் இருக்க, பின்வெட்டு ஐந்து அங்குலம் போனதுமே நிறுத்தி, பாருக்குப் பின்னால் கையாலேயே ஆப்பைச் செருகி இரண்டு தட்டு தட்டிவிடுங்கள். அடுத்து ஒவ்வொரு இரண்டு அங்குலத்துக்கும் மறுபடி ஒரு தட்டு. எனக்கு இது பழக்கமாக ஒரு பார் செலவானது.

ஆப்பு முழுக்க இறங்கிவிட்டது, மரம் நகரவில்லை

எட்டு அங்குல பிளாஸ்டிக் ஆப்பின் தடித்த முனை சுமார் ஒரு அங்குலம் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, செயின் ஏற்கெனவே அறுத்த இடைவெளியை நிரப்பவே போய்விடும். உண்மையில் மரம் எழும்புவது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அதைக் கீலிலிருந்து பின்பட்டை வரை உள்ள பத்தரை அங்குலத்தால் வகுத்து, 60 அடியால் பெருக்கினால் உச்சி நகரும் தூரம் ஏறத்தாழ நாலு அடி. ஆக, உச்சி பின்பக்கம் ஆறு அடி தள்ளி நிற்கும் மரத்தை ஒற்றை ஆப்பால் முன்னால் கொண்டுவர முடியாது. எத்தனை சம்மட்டி அடித்தாலும் கணக்கு மாறாது.

சாய்வை முன்கூட்டியே பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். கொஞ்ச தூரம் தள்ளி நின்று, கயிற்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அடிமரத்தோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு திசையிலிருந்து பார்க்க வேண்டும். தண்டு நேராக இருந்தும் கிளையெல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம்தான் பாரம். மழை பெய்த மறுநாள் இலையில் தண்ணீர் நிற்கும்போது அது இன்னும் கூடும்.

கணக்கு சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் கீலை இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் நாம் நிற்கும் பக்கம் சரியாக இருக்கும், பாரின் நுனி எட்டாத மறுபக்கம் கீல் மூன்று அங்குலக் கனத்தில் நிற்கும். அதை மட்டும் கொஞ்சம் அறுத்து, நிறுத்தி, ஆப்பைத் தட்டி, மறுபடி பாருங்கள். ஆப்பு நீளமாகிப் பின்வெட்டின் உள்முனையில், கீலில் போய் முட்டினாலும் நகராது. அப்போது அடியின் சத்தம் திடீரென்று கெட்டியாக மாறும். குட்டையான ஆப்புக்கு மாற்றுங்கள். அடிமரம் உளுத்திருந்தால் ஆப்பு மரத்தைத் தூக்காமல் கட்டைக்குள்ளேயே அமுங்கும். அறுக்கும்போது தூள் பழுப்பாக, பொடியாக வந்திருக்குமே, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அந்த மரம் கயிற்றுக்கு உரியது.

அடிக்க அடிக்க ஆப்பு வெளியே எகிறுகிறது

பச்சைத் தைலமரத்தில் இது சகஜம். சாறு ஊறி அறுப்பு வழுக்கும், ஆப்பு வெண்டைக்காய் மாதிரி நழுவி வரும். ஒரு பிடி காய்ந்த மணலை ஆப்பின் இரண்டு முகத்திலும் தேய்த்துச் செருகினால் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைக்கும்போது ஒரே நேர்க்கோட்டில் அடுக்கினால் கட்டாயம் துப்பும். கொஞ்சம் குறுக்காக, கத்தரிக்கோல் விரிந்த மாதிரி வையுங்கள், நடுவே மணல் போடுங்கள். ஆப்பு வெளியே வரும் பாதைக்கு நேராக முகத்தையோ முழங்காலையோ வைக்காதீர்கள்.

வீட்டில் விறகு பிளக்கும் இரும்பு ஆப்பு இருக்கும், கை அதைத்தான் தேடும். நிற்கும் மரத்தில் செயின் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம். ஒரு தடவை உரசினால் செயினின் பல் போகும், தெறிக்கும் துண்டு கண்ணைத் தேடி வரும். பிளாஸ்டிக் இல்லை என்றால் காய்ந்த கருவேலங்கட்டையில், நார் நீளவாக்கில் ஓடும்படி நீங்களே சீவிக்கொள்ளலாம். கருவேல ஆப்பு பிளாஸ்டிக்கைவிட நன்றாகவே பிடிக்கும் என்பது என் கட்சி. சீக்கிரம் பிளக்கும், ஆனால் காசு கிடையாது.

இன்னொன்று, இந்த இடத்தில் எல்லாரும் ஆப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு அடியும் தண்டு வழியாக உச்சிவரை போகிறது. போன வருடம் ஒரு வேம்பில் நான் அடித்துக்கொண்டிருந்தபோது தம்பி மகன் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியப்பா, மேல!" என்றான். என்ன ஏது என்று பார்க்காமல் பக்கவாட்டில் போனேன். கை மொத்தத்தில் ஒரு பட்ட கிளை, நான் மண்டியிட்டிருந்த இடத்தில் ஒரு சாண் ஆழம் குத்தி நின்றது. அதிலிருந்து மூன்று சம்மட்டி அடிக்கு ஒரு தடவை உச்சியைப் பார்க்கிறேன். ஹெல்மெட்டும் போடுகிறேன், கைலியோடு மரம் வெட்டப் போவதும் நின்றது. அடிமரத்தில் ஓர் ஆள்தான் இருக்க வேண்டும். பார்க்கிற ஆள் இரண்டு மர உயரத்துக்கு அப்பால் நிற்கட்டும்.

மரம் மெலிது, ஆப்புக்கு இடமில்லை

காகிதக் கூழுக்கு வளர்க்கும் தைலமரம், சவுக்கு எல்லாம் இந்த வகை. எட்டு அங்குல மரத்தில் வாயும் கீலும் போக மிஞ்சுவது ஐந்து அங்குலம். அதில் பாதியைப் பாரே அடைத்துக்கொள்ளும்.

பின்வெட்டை இரண்டு தவணையாகப் போடுங்கள். வாய் எடுத்ததும், பின்வெட்டில் ஒரு பக்கப் பாதியை மட்டும் கீல் வரை அறுத்துப் பாரை எடுத்துவிடுங்கள். அறுத்த பாதியில் ஆப்பைச் செருகித் தட்டி இறுக்குங்கள். அப்புறம் மறுபக்கம் வந்து மீதிப் பாதியை அறுங்கள். மரம் உட்கார நினைத்தாலும் ஆப்பு விடாது. அறுத்து முடித்ததும் நாலு தட்டு, போய்விடும்.

நினைத்த பக்கம் போகாமல் திரும்புகிறது

திரும்ப ஆரம்பித்த நொடியில் செய்ய ஒன்றுமில்லை. மிஷினைப் போட்டுவிட்டு, ஏற்கெனவே சுத்தம் செய்து வைத்த வழியில் போய்விடுங்கள். அந்த வழி மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது. பின்னால் சாய்கோணத்தில், இடமும் வலமுமாக இரண்டு வழி, ஒவ்வொன்றும் இருபது அடியாவது கொடியும் கல்லும் இல்லாமல் இருக்க வேண்டும்.

அடுத்த மரத்துக்காக, விழுந்த மரத்தின் கட்டையைப் படியுங்கள். கீல் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால், மெலிந்த பக்கம் முதலில் அறுந்து, தடித்த பக்கம் மரத்தைத் தன் பக்கம் இழுத்திருக்கும். கீல் சீராக இருந்தும் திரும்பியிருந்தால் வாயின் மூலையைப் பாருங்கள். மேல்வெட்டும் கீழ்வெட்டும் சந்திக்கும் கோட்டில் ஒன்று மற்றதைத் தாண்டி அரை அங்குலம் உள்ளே போயிருக்கும். சின்ன கீறல்தானே என்று விட்டுவிடுவோம். மரம் சாயத் தொடங்கியதும் முதலில் மூடுவது அந்தக் கீறல்தான். வாய் இன்னும் திறந்திருக்கும்போதே கீலின் மேல் பாரம் ஏறி, நேரத்துக்கு முன்பே அறுந்துவிடும். பின்வெட்டைத் தொடுவதற்கு முன்னால் வாயின் மூலையில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். தாண்டியிருந்தால் மற்ற வெட்டையும் அந்த அளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன். வாய் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவரை சரி.

வாயின் திறப்பும் முக்கியம். 45 டிகிரி வாய், மரம் பாதி சாய்ந்ததுமே மூடி, கீலை முறித்துவிடும். 70 டிகிரி எடுத்தால் மரம் தரையைத் தொடும் நேரம் வரை கீல் பிடித்திருக்கும். 45 தான் எடுப்பேன் என்றால் பின்வெட்டை வாயின் மூலையைவிட இரண்டு அங்குலம் மேலே போடுங்கள். அந்தப் படிக்கட்டு, அடிமரம் உங்கள் பக்கம் உதைத்து வருவதைத் தடுக்கும்.

பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்த மரமாக இருந்தால், சாய்ந்த பக்கத்துப் பின்மூலையில் ஆப்பு வைத்து அந்தப் பக்கத்தைத் தூக்கலாம். லேசாக என்றால் லேசாகத்தான்.

அடிமரம் நெடுக்கே பிளக்கிறது

இந்த வரிசையில் ஆளைக் கொல்வது இதுதான். பின்வெட்டு போய்க்கொண்டிருக்கும்போதே படீரென்று ஒரு சத்தம். பின்வெட்டுக்கு மேலே தண்டில் செங்குத்தாக ஒரு கோடு ஓடும். மரம் முன்னால் போக, பின்பாதி பிளந்து ஆள் உயரத்துக்கு மேலே எகிறி, அங்கிருந்து எந்தப் பக்கமும் விழும். கோட்டைக் கண்டாலோ சத்தம் கேட்டாலோ மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுங்கள்.

முன்னால் நன்றாகச் சாய்ந்த மரம், அதுவும் தைலமரம் என்றால் இதற்குத் தயாராக இருங்கள். தைலமரத்தின் வெளிக்கட்டை எப்போதும் இழுவிசையில் இருக்கும், உள்கட்டை அழுத்தத்தில் இருக்கும். அறுத்துப் போட்ட துண்டின் முனை வெயில் படும் முன்பே நட்சத்திரம் மாதிரி வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விசைதான். முன்சாய்வும் சேர்ந்தால், மெதுவாக அறுக்க அறுக்க மிச்சக் கட்டையில் இழுவை ஏறி, அறுபடுவதற்கு முன் பிளந்துவிடும்.

இதில் ஆப்பு உதவாது, கெடுக்கும். முன்னால் போகத் துடிக்கும் மரத்துக்குப் பின்னால் ஆப்பை அடித்தால் பிளப்பதற்கு நாமே வழி செய்கிறோம். கயிறு கட்டி டிராக்டரில் முன்கூட்டியே முறுக்கி இழுத்து வைப்பதும் அப்படித்தான். பின்சாய்வு மரத்தில்கூட, அறுப்பு முடியும் வரை கயிறு தொய்வில்லாமல் இருந்தால் போதும். பின்சாய்வில் பயன்பட்ட பழக்கத்தை முன்சாய்வுக்குக் கொண்டுவந்ததால்தான் எங்கள் பக்கம் ஒரு பெரியவர் விலா எலும்பு முறிந்து படுத்தார்.

வழி இது. வாய் எடுத்த பிறகு பின்பட்டையிலிருந்து தொடங்காமல், கீலுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டிலிருந்து பாரை நுனியோடு குத்தி உள்ளே நுழையுங்கள். மறுபக்கம் வெளியே வந்ததும் கீலை ஒன்றரை அங்குலத்துக்குச் சீராக்கி, அங்கிருந்து பின்பக்கமாக அறுத்து, பின்பட்டை ஓரம் இரண்டு மூன்று அங்குலம் அறுக்காமல் நிறுத்துங்கள். இப்போது மரம் முன்னே கீலிலும் பின்னே அறுக்காமல் விட்ட அந்தப் பட்டையிலும் நிற்கிறது. பாரை வெளியே எடுத்து, தப்பிக்கும் வழியை ஒருமுறை பார்த்து, பக்கவாட்டில் நின்று அந்தப் பின்பட்டையை வெளியிலிருந்து அறுங்கள். ஒரே நொடியில் மரம் போய்விடும், பிளக்க அவகாசமே இராது.

குத்தி நுழையும்போது பார் நுனியின் கீழ்ப்பாதிதான் முதலில் மரத்தைத் தொட வேண்டும். முழு வேகத்தில் கீழ்ப்பாதியால் ஒரு பள்ளம் பறித்து, அப்புறம் மெதுவாக நிமிர்த்தி உள்ளே விடுங்கள். நுனியின் மேல்பாதி தொட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும். முன்கைத் தடுப்பில் உள்ள செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று அன்று காலை பார்த்திருக்க வேண்டும். இடது கையின் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றிக் கவ்வியிருக்க வேண்டும். செயின் மழுங்கியிருந்தால் இந்த வெட்டையே எடுக்காதீர்கள். தூள் மாவாக வந்தால் மழுங்கல், சீவல் சீவலாக வந்தால் கூர்.

இதே வெட்டு பின்சாய்வு மரத்துக்கும் அருமையாகப் பொருந்தும். பின்பட்டை பிடித்திருக்கும்போதே அதன் இரண்டு பக்கமும் ஆப்பை நன்றாக இறுக்கிவிட்டு, கடைசியில் பட்டையை அறுத்தால், பார் மாட்டும் பேச்சே கிடையாது.

பக்கத்து மரத்தில் மாட்டி நிற்கிறது

அதன் அடியில் போகாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை அறுக்காதீர்கள். ஏறி உலுக்காதீர்கள். இன்னொரு மரத்தை அதன் மேல் சாய்த்து விழவைக்கலாம் என்ற யோசனை எந்தக் கூட்டத்திலும் ஒருவருக்கு வரும், அவரை டீ வாங்க அனுப்புங்கள். அடிமரத்தில் சங்கிலி போட்டு, எட்ட நின்று, டிராக்டரால் விழுந்த திசைக்கு எதிராக அடியைப் பின்னால் இழுத்தால் உச்சி வழுக்கி இறங்கும். இழுக்கும் நேரத்தில் சங்கிலியின் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.

தென்னையில் ஆப்பு புதைகிறது

உள்ளே வைரம், அதாவது கெட்டிப் பகுதி, இருப்பதை மரம் என்றும், வெளியே வைரம் இருப்பதைப் புல் என்றும் பழந்தமிழ் இலக்கணம் பிரித்திருக்கிறது. தென்னையும் பனையும் புல். மிஷின் பிடிக்கிறவருக்கு இதைவிட உபயோகமான இலக்கணம் இல்லை. தென்னையின் ஓரம் இரும்பு மாதிரி, நடு வெறும் சோறு. பின்வெட்டின் நடுவில் ஆப்பை அடித்தால் அது சோற்றுக்குள் இறங்குமே தவிர மரத்தைத் தூக்காது. அடிப்பதாக இருந்தால் பின்வெட்டின் இரண்டு ஓரத்திலும், வைரத்தின் மேல் உட்காரும்படி அகலமான ஆப்பாக வையுங்கள். கீலையும் வேம்பின் கீல் போல நம்பாதீர்கள், நடுவில் அதற்குப் பலமில்லை. அதனால் தென்னைக்கு நான் ஆப்பை உட்காராமல் தடுக்க மட்டும் வைக்கிறேன், திசை காட்டுவது கயிறு. குலையும் காய்ந்த மட்டையும் முந்தின நாளே இறக்கிவிட வேண்டும். சம்மட்டி அதிர்வில் முதலில் வருவது தேங்காய்தான்.

பனையாக இருந்தால் மிஷினை எடுக்கும் முன் ஆட்சியர் அலுவலகம் போக வேண்டும். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்கள். போன மாதம் வரப்பில் நிற்கும் பனையைக் காட்டி ஒருவர் கூலி பேச வந்தார். அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டேன். இன்னும் கொண்டுவந்தபாடில்லை, பனையும் அங்கேயேதான் நிற்கிறது.